தாழ்ந்த உத்தரமும் கறுத்த மோதிரமும்

இன்னும் இருபத்தொரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் இருந்தன.

அந்தக் கணக்கை ஞானாம்பிகைக்குச் சொன்னது மேசையில் கிடந்த ஒற்றைக் கடதாசி. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. வைத்தால், தான் பராமரிக்கும் கிழவியின் மோதிரத்தை எடுத்ததை அகஸ்ரீனா ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போகிறாள். வைக்காவிட்டால், வழக்கறிஞர் கொர்ராதோ பொலிசுக்குப் போகிறார்.

"நல்ல மொத்தக் கடதாசி," என்றான் விமலராஜ், விரலால் தடவிப் பார்த்து. "என்ரை கலியாணக் கார்ட்டை இதிலும் பாக்க மெல்லிசிலைதான் அடிச்சவை."

"மீன் கையாலை தொடாதை."

"கழுவிப்போட்டுத்தான் வந்தனான், அக்கா. மணம் மட்டும் என்னை விட்டுப் போகுதில்லை. அதுக்கு என்னிலை அவ்வளவு விருப்பம்."

ஞானாம்பிகைக்கு நாற்பத்துநாலு வயது. இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா தெருவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் வாசல்காப்பாளர். தபால் வாங்கி வைப்பது, படி துடைப்பது, யார் வந்தார் யார் போனார் என்று கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது வேலை. பதினாறு வருடம் அப்படிப் பார்த்ததில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விட, எந்தக் கையில் பையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பதுதான் அவள் கண்ணில் முதலில் விழும். பலெர்மோத் தமிழரிடையே ஏதாவது காணாமல் போனால், ஞானத்திடம் ஒரு சொல் சொல்லிவை என்பார்கள். கபோ சந்தையில் காலையில் மீன் வெட்டி, மத்தியானத்துக்குப் பிறகு ஸ்கூட்டரோடு சும்மா திரியும் விமல், கூப்பிடாமலே சேர்ந்துகொண்ட உதவியாள். வயது நாற்பத்தொன்று. வாய்க்கு வயது பன்னிரண்டு.

அகஸ்ரீனா கதிரையின் நுனியில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தாள். மன்னார், பேசாலைக்காரி. ஐம்பத்திரண்டு வயது. இரண்டு தெரு தள்ளி, சிஞ்ஞோரா இர்மா என்ற வயதான இத்தாலியப் பெண்மணியைப் பதினொரு வருடமாகப் பராமரிப்பவள்.

"நான் கையெழுத்து வைக்க மாட்டன்," என்றாள். "அதைச் சொல்லத்தான் வந்தனான். உதவி கேட்டு வரேல்லை."

"பிறகேன் இவ்வளவு தூரம்?"

"நாளைக்கு என்னைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால் சனம் உம்மட்டைத்தான் வந்து விடுப்புக் கேக்கும். அதுக்கு முதல் என்ரை வாயாலை சொல்லி வைக்கிறன். நான் எடுக்கேல்லை."

சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தாள். ஞானம் கதவுப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இனிப் போவதென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அகஸ்ரீனாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது நாட்டில் தங்கும் அனுமதி, புதுப்பிப்புக்காகக் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், கிடந்தது. ஒரு திருட்டு அவள் பெயரில் விழுந்தால் அது எழும்பி வராது. வந்தாலும், லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் கள்ளி என்றால் தெரு முழுக்கக் கள்ளி. இனி ஒருவரும் தங்கள் தாயைக் குளிக்கவார்க்க அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

"முதலிலிருந்து சொல்லுங்கோ, அக்கா. மோதிரம் காணாமல் போன அந்தப் பயணத்திலை யப்பானுக்கு ஆர் ஆர் போனது?"

"மூண்டு பேர். சிஞ்ஞோரா, நான், அவவின்ரை பெறாமகன் கொர்ராதோ. அவவுக்கு எண்பத்தொரு வயசு. இந்தத் தீவை விட்டு வெளிக்கிடாத மனுசி. ஒருக்கா மட்டும், நாப்பது வருஷத்துக்கு முன்னம், நெஞ்சு வருத்தம் வந்து வடக்கிலை ஆசுப்பத்திரியிலை நாலு மாதம் கிடந்தவவாம். அதோடை சரி. இந்த வருஷம் திடீரெண்டு யப்பானுக்குப் போகோணும் எண்டு ஒரே பிடி. அதுவும் மலைக்குள்ளை இருக்கிற ஒரு கமக்காரன்ரை பழைய வீடு. அந்த வீடுதான் வேணுமாம், வேறை ஒண்டும் சரிவராதாம்."

"காசுள்ள சனம் வயல் வீட்டைத் தேடிப் போகும்," என்றான் விமல். "நாங்கள் வயல் வீட்டை விட்டிட்டு இஞ்சை வந்து காசுள்ள சனத்தின்ரை வீட்டைத் துடைப்பம்."

"திருத்தி எடுத்த வீடு," என்றாள் அகஸ்ரீனா. "நூற்றைம்பது வருஷத்து வீடாம். வைக்கோல் கூரை, இவ்வளவு மொத்தம். உள்ளுக்கை நெருப்புப் புகை பட்டுப் பட்டு மரமெல்லாம் கறுப்பு. பாதி மண் தரை, மிச்சம் உயர்த்தின பலகை. பலகையிலை ஏறமுதல் சப்பாத்துக் கழட்டோணும். இருபத்தாறு வருஷம் பலெர்மோவிலை சப்பாத்தோடை வீட்டுக்குள்ளை நடக்கிற சனத்துக்குப் பின்னாலை தும்புத்தடி பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். அங்கை போன முதல் நாளே கொர்ராதோவைப் பாத்து, சப்பாத்தைக் கழட்டும் எண்டு சொன்னாள், அந்த வீட்டுக்காரப் பிள்ளை யூக்கி. அந்த ஒண்டுக்கே போன பயணம் சரி."

முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"படங்கள் இருக்கோ?"

அகஸ்ரீனா கைத்தொலைபேசியை நீட்டினாள். ஞானம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனாள். முதல் படத்தில் கொர்ராதோ நெற்றியில் ஈரத் துவாயை அழுத்திக்கொண்டு நின்றார்.

"இவருக்கென்ன?"

"மண் தரையிலை இருந்து நெருப்பு அறைக்குப் போற இடத்திலை ஒரு உத்தரம், நல்லாத் தாழ்வாப் பதிஞ்சு கிடக்கு. பொழுதுபட்ட நேரம், வெளிச்சமும் இல்லை. கொர்ராதோ இடிச்சார். சூட்கேஸ் தூக்கி வந்த ட்றைவர் இடிச்சான். நான் மெல்லமா இடிச்சன். சிஞ்ஞோரா மட்டும் இடிக்கேல்லை, குனிஞ்சு போனவ."

"வயசான ஆக்கள் எப்பவும் குனிஞ்சுதானே போறவை," என்றான் விமல்.

ஞானத்துக்கு அது பொருந்தவில்லை. சிஞ்ஞோரா இர்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போவதை அவள் கண்ணாடிக்குள் இருந்து பார்த்திருக்கிறாள். கண்ணில் புகை படர்ந்தவர். ஆனால் தந்திக்கம்பம் மாதிரி நேராக நடப்பார்.

அடுத்த படம். அறை நடுவே தரையில் ஒரு சதுரக் குழி, நிறையச் சாம்பல், நடுவில் கொஞ்சம் நெருப்பு. மேலே கூரையிலிருந்து இரும்புக் கேத்தில் தொங்கியது. சாம்பல் முழுக்க வயல் உழுத மாதிரிக் கோடுகள்.

"இதென்ன கோடு?"

"யூக்கி ஒவ்வொரு விடியவும் சின்ன முள்ளுவாரி ஒண்டாலை சாம்பலை வாரி விடுவாள். பாக்க வடிவா இருக்கோணுமாம்."

"சாம்பலுக்குத் தலைவாரி விடுகினம்," என்றான் விமல். "என்ரை மனுசி எனக்கே வாரிவிடுறேல்லை."

"மூண்டு பேருக்கும் ஒவ்வொரு பக்கமோ?"

"ஓம். நான் விறகுப் பக்கம், கொர்ராதோ வாசல் பக்கம். சிஞ்ஞோரா முதல் நாளே போய் உள்பக்கம் இருந்தவ. பிறகு அதுதான் அவவின்ரை இடம்."

மூன்றாம் நாள் படத்தில் சிஞ்ஞோரா இரண்டு கையாலும் தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்திருந்தார். விரலில் மோதிரம். ஞானம் படத்தைப் பெரிதாக்கினாள். மோதிரம் சட்டிக்கரி மாதிரிக் கறுத்திருந்தது.

நாலாம் நாள் படம். அதே கை, அதே மோதிரம். வெள்ளை வெளேரென்று மினுங்கியது. பின்னால் சாம்பல் குழியின் விறகுப் பக்கத்தில் மூன்று விரலால் அள்ளின பள்ளம்.

ஞானம் தலையை நிமிர்த்தினாள். "சாம்பல் போட்டு மினுக்கினது நீங்கள்தானே?"

அகஸ்ரீனாவின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. "நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அந்த வீட்டிலை குளிப்பு எப்பிடி?"

"மரத்தொட்டி. மலையிலை இருந்து வாற சுடுதண்ணி. கூழ்முட்டை மணம் மணக்கும். உடம்பு நோவுக்கு நல்லதாம்."

"கந்தகம்," என்றாள் ஞானம். "மோதிரத்தோடை இறங்கியிருக்கிறா. விடிய எழும்பிப் பாத்தால் கறுப்பு. நீங்கள் வீட்டிலை வெள்ளிக் குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கி விட்டிருக்கிறியள். எங்கடை சனத்தைத் தவிர வேறை ஆருக்கும் அந்த யோசனை வந்திராது. மினுக்கினபோதே உங்களுக்கு விளங்கியிருக்கும். என்ன விளங்கினது?"

"ஞானம், நான் கள்ளியும் இல்லை, கோள்சொல்லியும் இல்லை."

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு உங்களைக் கள்ளி எண்டு எழுதப்போயினம்!"

"எழுதட்டும். நான் எடுக்கேல்லை எண்டு காட்டுறதுக்கு மற்ற மனுசியின்ரை உடுப்பைக் களையச் சொல்லுறீரோ? பதினொரு வருஷம் அவவின்ரை உடம்பைப் பாத்து மூடி வைச்சனான். இதையும் மூடித்தான் வைப்பன்."

ஞானம் அடுத்த படங்களைத் தள்ளினாள்.

கடைசிப் படம் ஒன்பதாம் நாள் விடிய எடுத்தது. வெளிக்கிட ஆயத்தம். சிஞ்ஞோரா மேற்சட்டையோடு நெருப்புப் பக்கத்தில் நின்றார். விரலில் மோதிரம் இல்லை. இந்தப் படம் எடுத்துப் பத்து நிமிடத்தில்தான் கொர்ராதோ அதைக் கவனித்துச் சத்தம் போட்டு, அகஸ்ரீனாவின் பையைப் பலகைத் தரையில் கொட்டித் தேடினாராம். டிசம்பரில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். குடும்பத்து மோதிரம் அவள் விரலுக்குப் போக இருந்தது.

"அவர் உங்கடை பையைக் கொட்டேக்கை சிஞ்ஞோரா என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி கேட்டவ."

ஞானம் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். சாம்பல் முழுக்க அகன்ற கோடுகள். உள்பக்க மூலையில் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு, கோடுகள் நெருக்கமாக, மெல்லிசாக இருந்தன.

"விமல், சாம்பலுக்குத் தலைவாரி விடுகினம் எண்டு சொன்னனியெல்லோ?"

"சும்மா பகிடிக்கு."

"பகிடி இல்லை. இந்த மூலையை உண்மையாவே தலைவாருற சீப்பாலைதான் வாரியிருக்கு."

அகஸ்ரீனா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சீப்பு என்று ஞானம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் கிடைத்திராது. அவள் யூக்கியின் இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். யூக்கி அகஸ்ரீனாவுக்கு இன்னும் ஒவ்வொரு நாளும் பழம் காயப்போட்ட படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதனால் இலக்கம் எடுப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

மொழிபெயர்க்கும் செயலியில் ஞானம் மூன்று வரி அடித்தாள். சிஞ்ஞோரா இருந்த பக்கத்து மூலையில் சாம்பலை அரித்துப் பார்க்க முடியுமா? ஒரு ஆளின் பெயர் இதில் தங்கியிருக்கிறது. தயவுசெய்து நாளைக்கே.

அங்கே அப்போது இரவு. பதில் வரவில்லை.

*

நகை செய்யும் பவுலின் கடை, வியா மக்வேதாத் தெருவிலிருந்து கபோவுக்குத் திரும்பும் ஒழுங்கையில் இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பவுல். பலெர்மோத் தமிழரின் தாலிக்கொடி அறுந்தால் அங்கேதான் பொருந்தும்.

"இது ஆற்றை மோதிரம்?"

"கேளாதையும், பவுலண்ணை. படத்தைப் பாத்துச் சொல்லும். வெள்ளைத் தங்கம் எண்டு குடும்பமே சொல்லுது."

பவுல் கண்ணில் வில்லையைப் பொருத்தி, தொலைபேசிக்குள் விழுந்துவிடுவார் போலக் குனிந்தார். "குடும்பம் ஆயிரம் சொல்லும். கந்தகத் தண்ணியிலை நல்ல தங்கம் இப்பிடிக் கறுக்காது. பிளாட்டினமும் கறுக்காது. இது வெள்ளி. கல்லும் கண்ணாடி. ஆனால் நல்ல கண்ணாடி, பாவம்."

விமல் துள்ளி எழும்பினான். "பிடிச்சாச்சு! கொர்ராதோ முதலே மாத்திப்போட்டார், அக்கா. அசலை வித்திட்டு இதைப் போட்டிருக்கிறார். மலையிலை கறுத்த உடனை பயந்து, ஒளிச்சு, பழியை அகஸ்ரீனாக்காவிலை போட்டிட்டார். நான் ஸ்கூட்டரை எடுக்கிறன்!"

அவன் வெளியே போய்விட்டான். பவுல் இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

"பிள்ளை, அடுத்த படத்தைப் பாரும். உள்ளங்கைப் பக்கம் தெரியுது. வளையம் நூல் மாதிரித் தேஞ்சுபோய் இருக்கு. ஒரு நாளும் கழட்டாமல் போட்டாத்தான் இப்பிடித் தேயும். முப்பது, நாப்பது வருஷம்."

ஞானம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சந்தை கலைந்து, தரையில் கழுவின தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விமல் ஸ்கூட்டரில் கொர்ராதோவைக் கைது செய்துவிட்டவன் போல இருந்தான். அவள் அவனிடம் வளையத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் வாயில் அது விடியும்வரை நிற்காது.

*

காலை ஏழரைக்கு யூக்கியின் பதில் வந்தது. வீட்டில் வேறு விருந்தினர் தங்கியிருந்தார்களாம். அவர்கள் போய், நெருப்பு அணைந்து, சாம்பல் ஆறும்வரை பார்த்திருந்தாளாம். அதன் கீழே ஒரு காணொளி.

கறுத்த தூண்கள். காகிதக் கதவில் மலைப் பக்கத்து வெளிச்சம். யூக்கி மாச் சல்லடை ஒன்றில் சாம்பலை அள்ளி மெதுவாகத் தட்டினாள். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாம் முறை சல்லடையில் ஏதோ கிணுங்கியது. அவள் ஊதினாள். உள்ளங்கையில் கறுத்த மோதிரம்.

"கடவுளே," என்றான் விமல். "பத்தாயிரம் கிலோமீற்றர் தள்ளி ஒரு பெட்டை மா அரிச்சு எங்கடை கேஸை முடிச்சிட்டாள்."

"முடியேல்லை," என்றாள் ஞானம். "எங்கை எண்டு தெரிஞ்சிட்டுது. ஏன் எண்டு தெரியேல்லை."

படி துடைத்து முடிக்கும்வரை அவள் அதையே யோசித்தாள். கள்ளன் எடுத்ததைக் கொண்டுபோவான். இதை வைத்தவருக்கு மோதிரம் வேண்டியிருக்கவில்லை, அது இல்லாமல் போவதுதான் வேண்டியிருந்தது. டிசம்பரில் மகளின் விரலுக்கு அளவு பார்க்க நகைக்கடைக்குப் போயிருந்தால், கடைக்காரன் ஒரு நிமிடத்தில் வெள்ளி என்று சொல்லியிருப்பான். இன்னொன்று. ஒளித்தவர் சாம்பலைச் சும்மா தட்டி மூடவில்லை. வாரி விட்டிருக்கிறார். அந்த வீட்டுச் சாம்பல் வாரியபடி இருக்க வேண்டும் என்பதை மதிக்கிற ஆள்.

நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவள் தும்புத்தடியை நிறுத்தினாள். இருட்டுக்குள் தாழ்ந்த உத்தரம். புகை படர்ந்த கண். குனிந்த தலை.

*

பதினொன்று ஐம்பதுக்கு சிஞ்ஞோரா இர்மாவின் வரவேற்பறையில் மேசை துடைத்து, கடதாசியும் பேனையும் நேராக வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் துடைத்து வைத்ததும் அகஸ்ரீனாதான். அவள் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, பூசைக்குப் போடும் சட்டையோடு நின்றாள். இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை.

கொர்ராதோ ஞானத்தைப் பார்த்து இத்தாலியனில் கேட்டார். "நீங்கள் யார்?"

"பத்தொன்பதாம் இலக்கத்து வாசல்காப்பாளர்."

"இவர்?"

"மீன்," என்றான் விமல்.

சிஞ்ஞோரா சாய்கதிரையில் சாயாமல் இருந்தார். வெள்ளைக் கொண்டையில் ஆமையோட்டுச் சீப்பு ஒன்று செருகியிருந்தது. நெருக்கமான பற்கள். ஞானம் அதை ஒருமுறைதான் பார்த்தாள்.

அவள் தொலைபேசியை மேசையில் வைத்துக் காணொளியை ஓட விட்டாள். சல்லடை கிணுங்கியபோது சிஞ்ஞோராவின் கை மடியில் அசைந்தது.

"ஆக, கிடைத்துவிட்டது," என்றார் கொர்ராதோ. "நல்லது. அங்கே ஒளித்து வைத்தது இவள்தான் என்பதற்கு இதுவே சாட்சி."

"அதை எடுத்து வர அகஸ்ரீனா திரும்பி எப்போது போகிறாராம்?" என்று கேட்டான் விமல். "வியாழக்கிழமைகளில் பின்னேரம் அவருக்கு லீவு. பஸ்ஸில் போய் வந்துவிடலாமோ?"

கொர்ராதோவின் கழுத்துச் சிவந்தது. ஞானம் தொடர்ந்தாள். "ஐயா, அந்த மோதிரம் வெள்ளி. கல் கண்ணாடி."

"என்ன?"

"வெள்ளி. கந்தகத் தண்ணீரில் கறுத்தது."

விமல் ஒரு அடி முன்னே வந்தான். "அசலை எங்கே விற்றீர்கள் என்று நீங்களே சொல்கிறீர்களா, நாங்கள் சொல்லட்டுமா?"

கொர்ராதோ வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தார். பதினாறு வருடம் முகங்களைப் பார்த்த ஞானத்துக்கு அந்த முகம் போதும். மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்ததென்று கீழே வந்து கேள்விப்படுகிறவனின் முகம் அது.

"விடு, விமல். அவரில்லை," என்றாள் தமிழில்.

"அக்கா! நேற்று முழுக்க அவர்தானே!"

"நேற்று முழுக்க நீதான் அப்பிடிச் சொன்னனி." பிறகு இத்தாலியனில், "வளையம் நூலாகத் தேய்ந்திருக்கிறது, ஐயா. அது நாற்பது வருடமாக விரலில் கிடக்கிறது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள்."

கொர்ராதோ தன் பெரியம்மாவைப் பார்த்தார். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொர்ராதோவுக்குள் இருந்த வழக்கறிஞர் திரும்பி வந்தார்.

"வெள்ளியோ தகரமோ, அது எங்கள் குடும்பத்துப் பொருள். அதை எடுத்து ஒளித்தது யார் என்பதுதான் கேள்வி. அந்த நெருப்பு அறையில் இரவில் படுத்தவள் இவள் ஒருத்திதான். இரண்டு நிமிடம் இருக்கிறது." பேனையை அகஸ்ரீனாவின் பக்கம் தள்ளினார். "கையெழுத்து."

அகஸ்ரீனா கடதாசியைக் கையில் எடுத்தாள். இரண்டாகக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள். தடித்த கடதாசி, இன்னும் கிழிக்கக் கஷ்டமாக இருந்தது. கிழித்தாள். துண்டுகளை அடுக்கி, கொர்ராதோவின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வைக்க மாட்டேன்," என்றாள் இத்தாலியனில். "பொலிசுக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கேயும் இதைத்தான் சொல்லுவேன். நான் எடுக்கவில்லை. வேறு ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வராது."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவள் கொர்ராதோவைப் பார்க்கவில்லை. சாய்கதிரையைப் பார்த்தாள்.

கொர்ராதோ மேற்சட்டையை எடுத்தார். எங்கேயோ கோவில் மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது.

ஞானத்துக்கு எல்லாம் தெரியும். இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கிழித்த கடதாசிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை வேறு யாராவது சொல்வது சரியில்லை என்று பட்டது. அவள் சாய்கதிரைக்கு முன்னால் போய், கண் மங்கியவருக்கு முகம் தெரியும் தூரத்தில் குந்தினாள்.

"சிஞ்ஞோரா, ஒரே ஒரு கேள்வி. இருட்டுக்குள் எல்லோரும் அந்த உத்தரத்தில் தலையை இடித்தார்கள். நீங்கள் மட்டும் குனிந்தீர்கள். அது அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மணி அடித்து முடிந்தது. கொர்ராதோவின் கை கதவுப் பிடியில் இருந்தது.

"அகஸ்ரீனா," என்றார் சிஞ்ஞோரா. "நீ இவர்களிடம் என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை, சிஞ்ஞோரா."

"சீப்பைக் கழுவினது?"

"சீப்பு ஊத்தையாக இருந்தது. கழுவினேன்."

கிழவியின் முகத்தில் ஏதோ உடைந்து, பிறகு இறுகியது. கொண்டையிலிருந்து சீப்பை உருவி எடுத்து மேசையில், கிழிந்த துண்டுகளின் மேல் வைத்தார். நரைத்த முடி ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. அதை அவர் சரிசெய்யவில்லை.

"கொர்ராதோ, கதவை விடு. வந்து உட்கார்."

"பெரியம்மா, நீங்கள் களைத்திருக்கிறீர்கள்..."

"உட்கார் என்றேன். இவள் முன்னால் உட்கார். முதலில் இவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், பிறகு நீ." அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "மோதிரத்தைச் சாம்பலுக்குள் வைத்தது நான். அசல் மோதிரத்தை ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்துநாலில் விற்றதும் நான். உன் பெரியப்பாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் காசில் ஒரு டிக்கட் எடுத்தேன். திரும்பி வந்தபிறகு அவர் ஊருக்கு ஒரு கதை கட்டினார். நாற்பது வருடம் நானும் அதற்குத் தலையாட்டிக்கொண்டு இருந்தேன்."

"எந்தக் கதை?" கொர்ராதோவின் குரல் கீச்சென்று வந்தது. "நீங்கள் அந்தக் குளிர்காலம் வடக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். நெஞ்சில் நோய். எல்லோருக்கும் தெரியும்."

சிஞ்ஞோரா கையை நீட்டினார். அகஸ்ரீனா கொஞ்சம் தயங்கி, பிறகு அதைப் பிடித்தாள். மோதிரம் இல்லாத விரலில் வெள்ளையாக ஒரு தடம் இருந்தது.

"எனக்கு நெஞ்சில் ஒரு நோயும் இருக்கவில்லை," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக. "நான் என் புருசனை விட்டு ஓடிப்போனேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, நூற்றுப் பன்னிரண்டு நாள், நான் அந்த மலை வீட்டில்தான் இருந்தேன்."